ஆவுடையப்பன் வீட்டு ரெண்டு மணி

உலகத்தில் எல்லா வீட்டிலும் மத்தியானம் ரெண்டு மணி ஆனால் அடுத்தது ரெண்டு மணி ஒரு நிமிஷம் ஆகும், எங்கள் தெருவில் ஆவுடையப்பன் அண்ணாச்சி வீட்டில் மட்டும் ஆகாது. இது தெருவில் பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம், இதில் வாயைப் பிளக்க ஒன்றுமில்லை. அந்த மனுசன் நாலு வருசமாகத் தன் மத்தியானத்தைத் தொடவே இல்லை, ஒரு வேலைக்குச் செலவழிக்கவில்லை, ஒரு சண்டைக்குச் செலவழிக்கவில்லை, தூங்கியாவது தொலைத்தாரா என்றால் அதுவும் இல்லை, பாயில் மல்லாந்து முகட்டைப் பார்த்தபடி கிடந்தார், அதனால் தொடாத சோறு சட்டியில் மிச்சம் கிடக்கிற மாதிரி அவருடைய மத்தியானம் அத்தனையும் அந்த வீட்டிலேயே மிச்சம் கிடந்தது. எடுக்க ஆள் வரும்வரை அது யாருக்கும் தெரியவில்லை.

முதலில் எடுத்தவள் நான்தான். என் பேர் பிரமசக்தி, வயசு நாற்பத்து மூன்று, கல்யாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று கேட்டுக் கேட்டு ஊரே அலுத்துப்போய் விட்டுவிட்டது, எனக்கும் அது வசதியாகப் போயிற்று. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள், ஒரே தம்பி பம்பாயில் இருக்கிறான், பொங்கலுக்குப் போன் பண்ணுவான். ஆலங்குளத்துக்குக் கிழக்கே இருக்கிற எங்கள் தெருவில் பொம்பளைகள் எல்லாருமே பீடி சுற்றுகிறவர்கள்தான், நாளொன்றுக்கு ஆயிரம் சுற்றி அஞ்சு மணிக்குள் பீடிக்கடையில் கொண்டுபோய்ப் போட வேண்டும், குறைந்தால் மறுநாளைக்கு இலை அளக்கும்போது ஒரு பேச்சு பேசுவார்கள், அந்தப் பேச்சுக்குப் பயந்தே சோற்றை மென்றும் மெல்லாமலும் முழுங்கிவிட்டு இலையும் தூளும் வைத்த முறத்தை, எங்கள் பேச்சில் சொளவை, மடியில் தூக்கி வைத்துக்கொள்கிற பிழைப்பு எங்களுடையது.

ரெண்டு வருசத்துக்கு முன்னால் ஒருநாள் மத்தியானம் ரெண்டு மணி வாக்கில் ஆவுடையப்பன் அண்ணாச்சிக்குக் கொஞ்சம் புளிக்குழம்பு கொடுக்கப் போனேன். அவர் வீட்டில் காற்று நன்றாக வந்தது, என் வீட்டுத் தகரக்கூரைக்குக் கீழே உட்கார்ந்தால் உடம்பு வெந்துபோகும், சரி, இங்கேயே ஒரு ஓரமாக உட்கார்ந்து நாலு கட்டு சுற்றிவிட்டுப் போவோம் என்று சொளவை எடுத்து வந்தேன், வரும்போது தெருக்குழாயில் எதிர்வீட்டு ஜெபக்கனியின் குடம் பாதி நிறைந்திருந்தது, உட்கார்ந்தவள் சுற்றினேன், சுற்றினேன், சுற்றிக்கொண்டே இருந்தேன், ஐநூறு பீடி முடிந்தது, தூள் தீர்ந்துபோயிற்று, ஐயையோ மணி என்ன ஆயிற்றோ என்று அடித்துப் பிடித்து வெளியே வந்தால் ஜெபக்கனியின் குடம் அப்போதும் பாதிதான் நிறைந்திருந்தது.

நான் கத்தவும் இல்லை, மயங்கி விழவும் இல்லை. வீட்டுக்குப் போய் இன்னும் கொஞ்சம் தூள் எடுத்து வந்தேன்.

மூணு நாள் நான் மட்டும் அனுபவித்தேன், நாலாம் நாள் ஜெபக்கனிக்கு மூக்கு வியர்த்துவிட்டது. "ஏட்டி பிரமு, மூணு மணிக்கே எப்படிட்டி ஆயிரத்தையும் முடிச்சிட்டு ஒக்காந்திருக்க?" என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள், பொய் சொல்ல எனக்கு அந்த நேரம் ஒன்றும் தோன்றவில்லை, சொல்லிவிட்டேன். எதையும் ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவராவிட்டால் ஜெபக்கனிக்குச் சோறு இறங்காது. அடுத்த வாரமே சட்டம் போட்டுவிட்டாள்: ரெண்டு மணிக்குச் சரியாக எல்லாரும் உள்ளே போக வேண்டும், வேலை முடிந்ததும் எல்லாரும் ஒண்ணுபோல வெளியே வர வேண்டும், நடுவில் ஒருத்தி போவதும் வருவதுமாக இருந்தால் கணக்கு குழம்பிப்போகிறது, செருப்பை வெளியே விட வேண்டும், வருகிறவர்கள் அண்ணாச்சிக்கு ஏதாவது சாப்பிடக் கொண்டுவர வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, அவரை யாரும் எழுப்பக் கூடாது.

சும்மா சொல்லக்கூடாது, தெரு அந்த ரெண்டு மணியை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. முதலில் பீடிக்காரிகள் ஒன்பது பேர், அப்புறம் தையல் மிஷினோடு ஒருத்தி, அப்புறம் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள், அப்புறம் புருசனோடு சாவகாசமாகச் சண்டை போட நேரமே கிடைக்கவில்லை என்று புருசனையும் இழுத்துக்கொண்டு ஒருத்தி வந்தாள், நாங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சுற்ற, அவர்கள் கல்யாணமான நாளிலிருந்து உள்ளதையெல்லாம் பேசித் தீர்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போனார்கள். உள்ளே இருக்கிற நேரத்துக்குப் பசி உண்டு என்பதால் எங்கள் தெருவில் மட்டும் நாளைக்கு ரெண்டு மத்தியானச் சாப்பாடு, நகம் சீக்கிரம் வளர்ந்தது, தலையில் நரை சீக்கிரம் எட்டிப் பார்த்தது, ஜெபக்கனியின் ரெட்டைப் பெண்பிள்ளைகளில் படிக்கிறேன் என்று தினமும் உள்ளே வந்த சின்னவள், வெளியே விளையாடித் திரிந்த பெரியவளைவிட ஒரு விரற்கடை வளர்ந்துவிட்டாள். அதற்கும் ஜெபக்கனி ஒரு வழி கண்டுபிடித்தாள், பெரியவளை ஒரு மாசம் உள்ளே உட்கார வைத்துச் சரிக்கட்டிவிட்டாள்.

இத்தனை பேரும் அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தோம், அந்த வீட்டுக்காரரோடு யாரும் பேசவில்லை. முன்பாவது தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து "ஏய் சோம்பேறி, எழும்பி ஒரு வேலைக்குப் போயேன்" என்று திட்டிவிட்டுப் போவார்கள். இப்போது அதுவும் நின்றுபோயிற்று, திட்டினால் எழும்பிவிடுவாரோ என்று பயம். கொல்லைக்குப் போகவும் வாய் கொப்பளிக்கவும் அவர் எழும்புவார், அது எழும்புகிற கணக்கில் சேராது, திரும்ப வந்து பாயில் சாய்கிறவரை அத்தனை சொளவும் நின்றிருக்கும், சாய்ந்ததும் மறுபடி கை ஓடத் தொடங்கும்.

நான் மட்டும் அவர் தலைமாட்டுக்குப் பக்கத்தில் உட்காருவேன், முதலில் வந்தவள் என்கிற உரிமையில் அந்த இடம் எனக்கு. மற்றவர்கள் பேசுகிற சத்தத்துக்கு அடியில் அவர் மெதுவாகப் பேசுவார், நான் பீடியைப் பார்த்துக்கொண்டே கேட்பேன். வாழைத்தார் ஏற்றுகிற லோடுமேனாக இருந்தவர் அவர், ஒரு தோளில் ரெண்டு தார் வைத்துக்கொண்டு ஓடுவார், நானே பார்த்திருக்கிறேன். அந்த ஆள் எப்படி இப்படிச் சாய்ந்தார் என்று தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், செய்வினை என்றார்கள், தைராய்டு என்றார்கள், பிறவியிலேயே சோம்பேறி, கட்டினவளுக்குப் பயந்து நாலு நாள் வேலைக்கு ஓடினான் என்றும் சொன்னார்கள். காரணத்தை அவர் என்னிடம்தான் சொன்னார்.

அவர் சம்சாரம் கோமதியும் மகள் வேல்கனியும் நாலு வருசத்துக்கு முன்னால் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனார்கள். மூணு பேரும் சேர்ந்து போவதாகத்தான் பேச்சு. இவருக்கு ஒரு லோடு பாக்கி இருந்தது, "நீங்க முன்னால போங்க, நான் நாளைக்கு வாரேன்" என்று பஸ் ஏற்றிவிட்டார். மறுநாள் அசந்து தூங்கிவிட்டார், பஸ் போய்விட்டது. தூங்கிவிட்டேன் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு நாளைக்கு வாரேன் என்றார். அடுத்த நாள், ஏன் நேற்று வரவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் யோசிக்க வேண்டியதாயிற்று, யோசித்ததில் அன்றைக்கும் போகவில்லை.

"எல்லாரும் சோம்பேறிங்கிறாவ பிரமு. நான் தெனமும் எழும்புதேன், தெரியுமா? மனசுக்குள்ள எழும்புதேன். பல்லு தேய்க்கேன், சட்டையப் போடுதேன், பஸ் ஏறுதேன், திருப்பூர்ல எறங்குதேன், அவ வீட்டக் கண்டுபிடிச்சுக் கதவத் தட்டுதேன். அவ தொறந்து, 'இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்'னு கேப்பா. அதுக்கு என்கிட்ட பதில் கெடையாது. அதனால திரும்பி வந்து படுத்துக்கிடுதேன். தெனமும் அம்புட்டு தூரம் போயிட்டு வாரதுல வார அலுப்பு இருக்கே, அது தார் சொமந்தாக்கூட வராது."

எனக்குச் சுருக்கென்றது. அதுவரை நானும் அவரைச் சோம்பேறி என்றுதான் நினைத்திருந்தேன். "மொத வாரத்துலயே போயிருக்கலாம்லா அண்ணாச்சி" என்றேன்.

"மொத வாரம் பதில் சின்னது. சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் கொஞ்சமாப் பெருசாயிட்டு. இப்ப அது என் வாய்க்குள்ள நொழையாது."

இப்படி ரெண்டு வருசம் அவர் பேச நான் கேட்டேன், சில நாள் நான் பேச அவர் கேட்டார். ராத்திரி என்ன குழம்பு வைத்தேன் என்பதுமுதல் தம்பி பொங்கலுக்குப் போன் பண்ணாமல் விட்டதுவரைக்கும் அவருக்குத் தெரியும், உலகத்தில் அவர் ஒருத்தருக்குத்தான் தெரியும். சாயங்காலம் கதவைச் சாத்தினால் மறுநாள் ரெண்டு மணிவரை என் வீட்டில் பேச்சுச்சத்தமே கிடையாது. அந்த ரெண்டு மணிக்காகத்தான் நான் விடிந்ததிலிருந்து இலை வெட்டினேன், பீடிக்காக இல்லை. இதை ஒளிக்க என்ன இருக்கிறது.

அவருடைய போன் என்றைக்கோ சார்ஜ் போடாமல் செத்துப்போயிருந்தது, அதனால் வேல்கனியிடம் என் நம்பர் இருந்தது. ஒருநாள் காலையில் எட்டு மணிக்குக் கூப்பிட்டாள்.

"அத்தை, அம்மா கம்பெனி மாடிப்படில வழுக்கி விழுந்துட்டா. இடுப்பெலும்பு ஒடைஞ்சிட்டு. ஆபரேசன் முடிஞ்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். மூணு மாசம் எழும்பக் கூடாதுன்னுட்டாவ."

"ஐயோ, நீ எப்படிம்மா ஒத்தையில பாக்க?"

"நான் வேலைக்குப் போயிருதேன். போவாம முடியாது. மத்தியானம் ஓடி வந்து பாத்துட்டுப் போறேன். அவள எடுத்து உக்கார வைக்க எனக்குத் தெம்பு பத்தல அத்தை, கனமா இருக்கா. அப்பா வரணும்னு சொல்லல. சும்மா தெரிஞ்சுக்கிடட்டும்னு சொன்னேன்."

அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். அன்றைக்கு ரெண்டு மணிக்குச் சொல்லத்தான் போனேன், சத்தியமாகச் சொல்லத்தான் போனேன். தலைமாட்டில் உட்கார்ந்து வாயைத் திறந்தேன், அவர் என்னைப் பார்த்து, "என்ன பிரமு, முகம் வாடியிருக்கு, சாப்பிடலையா?" என்று கேட்டார். அப்படிக் கேட்க எனக்கு வேறு யார் இருக்கிறார்கள். ஒன்றுமில்லை என்றேன். நாளைக்குச் சொல்லிக்கொள்வோம் என்று வந்துவிட்டேன்.

மறுநாள் அவர் நல்ல சந்தோசத்தில் இருந்தார், அதைக் கெடுப்பானேன் என்று விட்டேன். அதற்கடுத்த நாள் பீடிக்கடையில் இலை மோசம், எரிச்சலில் விட்டேன். நாலாம் நாள், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே, அதற்கு என்ன சொல்ல என்று விட்டேன். அஞ்சாம் நாள் அந்தக் கேள்வி இன்னும் பெருசாகியிருந்தது. இதற்குள் என் கை ஓடின ஓட்டம் இருக்கிறதே, அதுமாதிரி என் ஆயுசில் ஓடியதில்லை, ஆயிரத்து ஐநூறு சுற்றினேன், ரெண்டாயிரம் சுற்றினேன், பிரமசக்தி மாதிரி வேலைக்காரி உண்டா என்று ஜெபக்கனியே மெச்சினாள், பீடிக்கடையில் என்னைக் காட்டி மற்றவர்களை ஏசினார்கள். சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருக்கத்தான் நான் அப்படிச் சுற்றினேன். ஒருத்தர் பாயில் படுத்துக்கொண்டு செய்ததை நான் சொளவை மடியில் வைத்துக்கொண்டு செய்தேன், அவரைச் சோம்பேறி என்றார்கள், என்னைக் கெட்டிக்காரி என்றார்கள்.

பதினோராம் நாள் ஒன்றரை மணிக்கு வேல்கனி மறுபடி கூப்பிட்டாள். கம்பெனி வாசலில் நின்று பேசுகிறாள் போல, பின்னால் வண்டிச் சத்தம்.

"அத்தை, அப்பாட்ட சொன்னீங்களா?"

"சொன்னேம்மா."

"என்ன சொன்னாவ?"

என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. "நாளைக்கு வாரேன்னாவ" என்றேன்.

அந்தப் பிள்ளை சிரித்தாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "சரி அத்தை, அம்மாட்ட இதச் சொல்ல மாட்டேன். அவ வீட்டுக்கு வந்த நாள்லருந்து வாசலப் பாக்கத்தான் படுக்க வைக்கச் சொல்லுதா. ஏம்மான்னு கேட்டா, காத்து வருதுங்கா" என்றாள்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மனுசன் இந்தத் தடவை அந்த வார்த்தையைச் சொல்லவில்லை, அவர் வாயில் நானாகத் திணித்தேன். அவர் போய்விட்டால் எனக்குப் பேச ஆளில்லை என்பதற்காக, அங்கே ஒருத்தி எழும்ப முடியாமல் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடக்க, நான் இங்கே அவரைப் படுக்கவைத்துக் காவல் காத்திருக்கிறேன். எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது. சொளவை எடுக்காமல் வெறுங்கையோடு அவர் வீட்டுக்குப் போனேன், ரெண்டு மணிக்கு ஒரு நிமிஷம் இருந்தது, எல்லாரும் உட்கார்ந்தாயிற்று.

தலைமாட்டில் போய் உட்காரவில்லை, காலடியில் நின்றேன். "அண்ணாச்சி, வேல்கனி பேசினா" என்று சத்தமாகவே சொன்னேன். "கோமதி மதினி விழுந்து இடுப்பு ஒடைஞ்சு கெடக்காவ. மூணு மாசம் எழும்பக் கூடாதாம். எடுத்து உக்கார வைக்க ஆள் இல்ல. அந்தப் பிள்ளைக்குத் தெம்பு பத்தலயாம்."

அத்தனை சொளவும் நின்றன. அண்ணாச்சி முகட்டிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். பிறகு கையை ஊன்றி, மெதுவாக, எழுந்து உட்கார்ந்தார். பாயின் கோரை வரிவரியாக முதுகில் பதிந்திருந்தது, அந்த வரியை நாங்கள் யாரும் அதுவரை கவனித்ததில்லை.

ஜெபக்கனிதான் முதலில் பேசினாள். அவள் கெட்டவள் இல்லை, மூணு பிள்ளைகளை அந்த ரெண்டு மணியை வைத்துத்தான் படிக்க வைக்கிறாள். "அண்ணாச்சி, பதறாதீய. இங்க மணி ரெண்டுதான், இது எங்கயும் போயிராது. எவ்வளவு நேரம் வேணும்னாலும் படுத்து நிதானமா யோசிச்சிட்டு, பொறவு எழும்புங்க. வெளிய ஒரு நிமிசம்கூட ஆயிருக்காது. ஒங்களுக்கு என்ன நஷ்டம்?"

அதுவும் சரிதானே என்று எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கேகூட ஒரு கணம் சரி என்று பட்டது. அவர் படுக்கப்போகிற மாதிரி ஒரு கையைப் பின்னால் ஊன்றினார்.

"யோசிச்சா நான் எழும்ப மாட்டேன் ஜெபக்கனி" என்றார். "நாலு வருசமா அதத்தான் செய்யுதேன்." பிறகு என்னிடம் திரும்பினார். "நான் போயிக் கதவத் தட்டி, அவ தொறந்து கேட்டா என்ன பிரமு சொல்ல?"

"அவியளால கதவத் தொறக்க முடியாது அண்ணாச்சி" என்றேன். "நீங்கதான் தொறந்துட்டு உள்ள போகணும்."

நாலு வருசமாகத் தினமும் போய் நின்ற அந்தக் கதவில் இப்படி ஒன்று இருக்கும் என்று அவர் நினைத்ததே இல்லை போல. ஜன்னல் கம்பியைப் பிடித்து எழுந்தார், ஒரு பக்கம் நான் பிடித்தேன், மறுபக்கம் யார் பிடித்தது என்று பார்த்தால் ஜெபக்கனி. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் பிடித்தாள், ஆனால் கெட்டியாகப் பிடித்தாள். ஒருத்தி கொடியிலிருந்து சட்டையை உதறிக் கொடுத்தாள், தையல்காரி பொத்தான் இல்லாத இடத்தில் ரெண்டு ஊக்கைக் குத்திவிட்டாள்.

அவர் வாசற்படியைத் தாண்டினார். தாண்டின உடனே உள்ளே சுவர்க்கடிகாரம் டிக்கென்றது, ரெண்டு மணி ஒரு நிமிஷம் ஆயிற்று, தெருக்குழாய் சத்தம் கேட்டது, எங்கேயோ ஒரு ஆடு கத்தியது. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள், ரெண்டு வருசமாக இரட்டை மத்தியானம் உழைத்த களைப்பு அத்தனையும் அப்போதுதான் இடுப்பில் இறங்கினது என்று பின்னால் சொன்னார்கள். ஒவ்வொருத்தியாகச் சொளவைத் தூக்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள், அஞ்சு மணிக்குள் முடியாது என்று எல்லாருக்கும் தெரியும்.

பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு பர்லாங்குதான் இருக்கும், அதற்கு நாங்கள் நாற்பது நிமிஷம் நடந்தோம். வேப்பமரத்தடியில் ஒரு தடவை, சைக்கிள் கடையில் ஒரு தடவை, போஸ்ட் ஆபீஸ் படியில் ஒரு தடவை உட்கார்ந்தார். ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் எனக்கு உயிர் போயிற்று, இதோடு திரும்பிவிடுவாரோ என்று. அதைவிட வெட்கம், திரும்பினால் நல்லது என்று எனக்குள் ஒருத்தி நினைத்துக்கொண்டே வந்தாள். போஸ்ட் ஆபீஸ் படியில் அவர் எழும்ப ரொம்ப நேரமாயிற்று. "தூக்கிருவனா பிரமு, அவள?" என்று தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கேட்டார்.

"மொத நாளு முடியாது. ரெண்டாம் நாளு முடியும்" என்றேன். எழுந்துவிட்டார்.

திருநெல்வேலி பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலோரமாக உட்கார வைத்தேன், திருப்பூர் விலாசத்தை எழுதின தாளையும் என் முந்தானையில் முடிந்திருந்த ரூபாயையும் சட்டைப்பையில் திணித்தேன், ஜங்ஷனில் இறங்கி யாரிடம் கேட்க வேண்டும், எந்தப் பக்கம் திருப்பூர் வண்டி நிற்கும் என்று மூணு தடவை சொன்னேன். எல்லாம் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் செய்தி வந்தது என்று நினைத்துக்கொண்டு அவர் அத்தனை நன்றியோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், அந்தப் பார்வையோடு அவரை அனுப்பிவிட்டால் அது போதும் எனக்கு, வாழ்நாள் பூராவும் வைத்துக்கொள்வேன், போகட்டும், அங்கே போய் வேல்கனி மூலமாகத் தெரியும்போது தெரிந்துகொள்ளட்டும், அப்போது நான் எதிரில் இருக்க மாட்டேன், வேண்டுமானால் நாளைக்குப் போனில் சொல்லிக்கொள்ளலாம். நாளைக்கு என்று எனக்குள் கேட்டதும் உடம்பு தூக்கிவாரிப் போட்டது. டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

கீழே இறங்கி ஜன்னலுக்கு வந்தேன். "அண்ணாச்சி, வேல்கனி மொதல்ல பேசி பதினோரு நாளாச்சு. நான்தான் ஒங்ககிட்ட சொல்லல."

"பதினோரு நாளா?"

"ஆமா. இன்னைக்கு அவ கேட்டப்ப, நீங்க நாளைக்கு வாரேன்னு சொன்னதா நானே சொல்லிட்டேன்."

"ஏன் சொல்லல?"

"நீங்க போயிருவீயன்னு."

முகத்தைப் பார்க்கத் திராணியில்லை எனக்கு, பஸ் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன ஏசினாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றேன். கண்டக்டர் விசில் கொடுத்தார், பஸ் ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது, நானும் கூடவே ரெண்டு எட்டு நடந்தேன். கம்பி வழியாக அவர் கை வெளியே வந்து என் தோளில் ஒரு தட்டு தட்டியது, நாலு வருசம் தூக்காத கை, அதில் பலமே இல்லை.

"பதினோரு நாள்ல எழும்பிட்டியே பிரமு" என்றார். "எனக்கு நாலு வருசம்லா ஆச்சு."

பஸ் கிழக்கே வளைந்து வெளியே போய்விட்டது. நான் நின்ற இடத்திலேயே நின்று அழுதேன், சந்தோசமும் துக்கமும் எது எவ்வளவு என்று தெரியாமல் அழுதேன், பூக்கடைக்காரி பார்த்தாள், பார்க்கட்டும் என்று அழுதேன். ஸ்டாண்டு கடிகாரத்தில் மூணு அடித்து, மூணு ஒண்ணு ஆயிற்று, மூணு ரெண்டு ஆயிற்று. முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து நடந்தேன். வீட்டில் எனக்காகக் காத்திருக்க யாரும் இல்லை, இருந்தாலும் நடந்தேன்.